அமைதியான நீரின் ஆழம்

கல் குவாரிகள் கைவிடப்பட்ட பிறகு, மழைநீரும் ஊற்றுநீரும் அவற்றை நிரப்புகின்றன. நாளடைவில் அவை அழகிய ஏரிகளைப் போலக் காட்சியளிக்கின்றன. சிங்கப்பூரில் புக்கிட் தீமாவிலும் புலாவ் ஊபினிலும் இத்தகைய குவாரிகளைக் காணலாம். அங்கு வருவோர் வேலிக்கு இப்பால் நின்று காட்சியை ரசிக்கலாம். நீரில் இறங்கக் கூடாது. பிரிட்டனிலோ சில குவாரிகளில் ஸ்கூபா முக்குளிப்பும் நடைபெறுகிறது.

அலையும் நீரோட்டமும் இல்லாததால் குவாரி நீர் ஆபத்தற்றது என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால், பாறை செங்குத்தாக வெட்டப்பட்டிருப்பதால், கரையிலிருந்து ஓரடி எடுத்து வைத்தாலே பெரும் ஆழத்தில் விழ நேரிடலாம். மீண்டும் கரையேறப் பிடிமானமும் இருக்காது. வெயிலில் மேல்நீர் வெதுவெதுப்பாக இருந்தாலும், கீழே திடீரெனக் குளிர்ந்த நீர் தொடங்கும். குளிரில் விரல்கள் மரத்துப்போனால், கருவிகளைக் கையாள்வது கடினம். அடியில் படிந்துள்ள வண்டல், கால் பட்டதும் கலங்கிக் கண்ணை மறைத்துவிடும்.

ஆழம் கூடக்கூட நீரின் அழுத்தமும் கூடுகிறது. 10 மீட்டர் ஆழத்தில் உடல் உணரும் அழுத்தம், நீர்மட்டத்தில் உள்ளதைப் போல இரண்டு மடங்காகும். 30 மீட்டரில் நான்கு மடங்காகும். அந்த ஆழத்தில் சுவாசிக்கும் நைட்ரஜன், சிந்தனையை மந்தமாக்கக்கூடும். பதற்றத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு மேலெழுந்தால், நுரையீரலில் உள்ள காற்று விரிந்து அதைக் கிழித்துவிடலாம். எனவேதான், பயிற்சி பெற்றவர்களும் பொதுவாகத் துணையின்றி முக்குளிப்பதில்லை. பொழுதுபோக்காக முக்குளிப்போருக்கு 40 மீட்டரே பொதுவான எல்லையாகும்.

இங்கிலாந்தின் லெஸ்டர்ஷியரில் உள்ள ஸ்டோனி கோவ், முன்பு கருங்கல் குவாரியாக இருந்தது. அதன் மிக ஆழமான பகுதியும் 40 மீட்டருக்கும் குறைவுதான். வெவ்வேறு ஆழங்களில் பாறைத் தட்டுகள் இருப்பதால், புதியவர்கள் ஆழம் குறைந்த தட்டில் பயிற்சி பெறலாம். முக்குளிப்போர் நிர்வாகத்தின் விதிமுறைகளுக்கு உட்பட்டே நீரில் இறங்குகின்றனர். வடக்கு வேல்ஸில் உள்ள டொரோதியா சிலேட்டுக் குவாரியோ சுமார் 100 மீட்டர் ஆழமானது. அங்கு முக்குளிக்கத் தடை இருந்த காலத்திலும் சிலர் அனுமதியின்றி நுழைந்தனர். முறையான வசதிகள் இல்லாத அந்த இடத்தில் முக்குளிப்பாளர்கள் பலர் உயிரிழந்தனர்.

குவாரியைத் திறந்துவிடலாமா, மூடிவிடலாமா என்னும் கேள்விக்கு இவ்விரு இடங்களும் விடையளிக்கின்றன. தடை மட்டும் ஆர்வத்தை நிறுத்திவிடாது. அனுமதி வழங்கினால் தகுதிச் சான்று, கண்காணிப்பு, மீட்பு ஏற்பாடு, அவசர வாகனம் வந்து சேர வழி ஆகிய அனைத்தும் இருக்க வேண்டும். இவை இல்லாத குவாரிக்கு வேலிதான் பாதுகாப்பு. அந்த வேலியைத் தாண்டுபவர் தம் உயிரை மட்டுமல்லாமல், தம்மைக் காப்பாற்ற நீரில் இறங்குவோரின் உயிரையும் பணயம் வைக்கிறார்.