முறிந்த எலும்பும் ஓடும் கடிகாரமும்

மாணவர்களே! எழுந்து சற்று நேரம் ஒரு காலில் நின்று பாருங்கள். உங்கள் எடை 50 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காலின் இடுப்பு மூட்டு தாங்கும் சுமை எவ்வளவு? 50 கிலோ என்றுதான் பலரும் விடை சொல்வீர்கள். உண்மையில் அது சுமார் 125 கிலோ!

இது எப்படி? நெம்புகோல் தத்துவத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். தொடை எலும்பின் மேல்முனை ஒரு பந்து போன்றது. அது இடுப்பு எலும்பில் உள்ள கிண்ணம் போன்ற குழியில் பொருந்தியிருக்கிறது. ஊன்றிய காலை விட்டுவிட்டால், உடலின் மற்றப் பகுதி ஏறக்குறைய 42 கிலோ. இந்த எடை பந்துக்கு உட்புறமாக இறங்குகிறது. உடல் அந்தப் பக்கம் சாய்ந்துவிடாமல், இடுப்பின் வெளிப்புறத் தசைகள் மறுபக்கம் இழுத்துப் பிடிக்கின்றன. பந்துதான் ஆதாரப் புள்ளி. ஆனால் பந்திலிருந்து தசைக்கு உள்ள தூரம், எடைக்கு உள்ள தூரத்தில் ஏறக்குறைய பாதிதான். எனவே தசை இரு மடங்கு விசையுடன், அதாவது 84 கிலோ எடைக்குச் சமமாக, இழுக்க வேண்டியிருக்கிறது. இரண்டும் சேர்ந்து பந்தின்மீது அழுத்துகின்றன. 42 + 84 = 126 அல்லவா?

இந்தச் சுமையை எல்லாம் பந்திலிருந்து தொடை எலும்புக்குக் கடத்துவது சாய்வாக அமைந்த ஒரு சிறு கழுத்து. வயது ஏற ஏற, குறிப்பாக மாதவிடாய் நின்ற பெண்களுக்கு, எலும்பின் அடர்த்தி குறைகிறது, கழுத்து வலுவிழக்கிறது. 50 கிலோ எடையுள்ள ஒரு பாட்டி ஈரத் தரையில் வழுக்கிப் பக்கவாட்டில் விழுகிறார். அவருடைய ஈர்ப்பு மையம் 0.7 மீட்டர் இறங்கினால் வெளிப்படும் ஆற்றல் 50 × 10 × 0.7 = 350 ஜூல். நலிந்த கழுத்தை முறிக்க இதில் ஒரு சிறு பங்கே போதும்.

உலகில் 1990ஆம் ஆண்டில் சுமார் 16 லட்சத்து 60 ஆயிரம் பேருக்கு இடுப்பு முறிவு ஏற்பட்டது என்றும், 2050இல் இது 62 லட்சத்தைத் தாண்டலாம் என்றும் 1992இல் வெளியான ஒரு மதிப்பீடு கூறியது. முதியோர் தொகை வேகமாகப் பெருகிவரும் ஆசிய நாடுகளில்தான் இந்தச் சுமையின் பெரும்பங்கு விழும்.

முறிந்த எலும்பைச் சேர்த்துக்கட்டிப் படுக்க வைத்தால் என்ன? முன்பு அப்படித்தான் செய்தார்கள். காலில் கயிறு கட்டி, கப்பி வழியாக எடையைத் தொங்கவிட்டு, வாரக் கணக்கில் படுக்க வைப்பார்கள். வசதி குறைந்த இடங்களில் இன்றும் இம்முறை உண்டு. ஆனால் ஆபத்து எலும்பில் மட்டும் இல்லை, படுக்கையிலும் இருக்கிறது.

அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தால் கிடைப்பது. படுத்தே கிடப்பவரின் எடை, முதுகின் அடியிலும் குதிகாலிலும் துருத்தி நிற்கும் எலும்புகளின் சிறு பரப்பில் குவிகிறது. தோலின் நுண்ணிய இரத்தக் குழாய்களில் உள்ள அழுத்தமோ சுமார் 30 மில்லிமீட்டர் பாதரசம்தான். வெளி அழுத்தம் அதை மிஞ்சினால் குழாய்கள் நசுங்கி இரத்த ஓட்டம் தடைப்படும். சில மணி நேரத்திலேயே திசுக்கள் கெடத் தொடங்கும். இதுவே படுக்கைப் புண். இதோடு நுரையீரலில் சளி தேங்கி நிமோனியா வரலாம். கால் சிரைகளில் இரத்தம் உறையலாம். முதியவர்கள் பலர் முறிவால் அல்ல, இவற்றால்தான் உயிரிழக்கிறார்கள்.

ஆகவே அறுவை சிகிச்சையின் முதல் நோக்கம் நோயாளியை விரைவில் எழுப்பி உட்கார வைப்பதே. பந்துக்குச் செல்லும் இரத்தக் குழாய்கள் கழுத்தை ஒட்டியே செல்கின்றன. கழுத்து முறிந்து விலகினால் அவை அறுந்து, பந்து உயிரிழக்கக்கூடும். அப்போது உலோகப் பந்தைப் பொருத்துவார்கள். முறிவு சற்றுக் கீழே இருந்தால் திருகாணியோ உலோகக் கம்பியோ செலுத்தி நிறுத்துவார்கள். மறுநாளே பிடித்துக்கொண்டு நிற்கப் பழக்குவார்கள்.

எவ்வளவு விரைவில் செய்ய வேண்டும்? இந்தியா உட்பட 17 நாடுகளின் 69 மருத்துவமனைகளில், 2970 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2020இல் வெளியாயிற்று. முறிவு கண்டறிந்து சுமார் 6 மணி நேரத்தில் அறுவை செய்யப்பட்டவர்களும், 24 மணி நேரத்தில் செய்யப்பட்டவர்களும் ஒப்பிடப்பட்டார்கள். இறப்பு விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் விரைந்து செய்யப்பட்டவர்களுக்கு மனக்குழப்பம் குறைந்தது. அவர்கள் சீக்கிரம் எழுந்தும் நடந்தார்கள். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஒப்பிடப்பட்ட இரு பிரிவினருக்கும் ஏறக்குறைய ஒரே நாளில் சிகிச்சை கிடைத்துவிட்டது! நம் நாட்டில் பலர் பல நாட்கள் காத்திருக்கிறார்கள்.

தாமதம் எங்கெல்லாம் ஏற்படுகிறது? முதலில் வீட்டில். "சுளுக்குதான், எண்ணெய் தேய்த்தால் சரியாகிவிடும்" என்று சில நாட்கள் போகும். நாட்டுக் கட்டு வைத்தியரிடம் மேலும் சில நாட்கள் போகும். பிறகு மருத்துவமனையில். சாலை விபத்தில் சிக்கிய இளைஞர்கள் அறுவை அரங்குக்கு முன்வரிசையில் நிற்பார்கள். இதயப் பரிசோதனை, இரத்தம், உலோகக் கருவிக்கான பணம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காத்திருப்பு.

இதைத் தீர்க்க விலையுயர்ந்த இயந்திரம் மட்டும் போதாது. ஒழுங்கான ஏற்பாடு வேண்டும். பிரிட்டனில் 2007இல் இடுப்பு முறிவுகளுக்கென ஒரு தேசியப் பதிவேடு தொடங்கப்பட்டது. எலும்பு மருத்துவரும் முதியோர் மருத்துவரும் ஒன்றாக நோயாளியைக் கவனிப்பதும், 36 மணி நேரத்துக்குள் அறுவை என்பதும் இலக்குகளாயின. முறிவுக்குப் பின் 30 நாட்களுக்குள் இறப்போர் 2007இல் 10.9 விழுக்காடு, 2011இல் 8.5 விழுக்காடு. இந்தியாவில் முதியோர் மருத்துவத்துக்கென முதல் தனிப்பிரிவு 1978லேயே சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் தொடங்கப்பட்டது. அந்த அறிவு மாவட்ட மருத்துவமனைகளின் எலும்பு முறிவு வார்டுகளையும் எட்ட வேண்டும்.

உங்கள் பங்கும் இதில் உண்டு. வயதானவர் விழுந்த பின் எழுந்து நிற்க முடியவில்லையா? ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்புறம் திரும்பியிருக்கிறதா? அது பெரும்பாலும் இடுப்பு முறிவு. இந்த அறிகுறிகள் தெளிவாக இல்லாவிட்டாலும் முறிவு இருக்கலாம். தேய்க்காதீர்கள், இழுக்காதீர்கள், நடக்க வைக்காதீர்கள். அசையாமல் படுக்க வைத்து 108க்குத் தொலைபேசி செய்யுங்கள். அதற்கும் முன்பாக, இன்றைக்கே உங்கள் வீட்டுக் குளியலறைத் தரையில் பாசி படிந்திருக்கிறதா, இரவில் அங்கே விளக்கு எரிகிறதா, பிடித்துக்கொள்ளச் சுவரில் கம்பி இருக்கிறதா என்று பாருங்கள்.