உங்களுக்குத் தெரியுமா? பெட்டியில் காடி வாசம்!

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் ஒன்றுதான் பல ஆண்டுகள் கார், பைக் பந்தயங்களுக்குக் களம். நடத்தியது மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப். அமெரிக்காவிலும் இதே கதைதான்: 1950இல் கலிஃபோர்னியாவின் சாண்டா ஆனா விமானதளத்தில் டிராக் பந்தயம் களைகட்டியது. கால் மைல், அதாவது 402 மீட்டர், ஒரே நேர்க்கோடு!

சென்னைப் பக்கம், 1990இல் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடம் வந்தது. சோழவரத்தின் உறுமலுக்கு இன்று சாட்சி பழைய படங்கள்தான்.

தென்கேரளத்தில் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கம் யார் வீட்டு டிரங்குப் பெட்டியிலாவது அப்படிப்பட்ட படங்களின் நெகட்டிவ்கள் கிடந்தால் கவனம். இங்கே ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம். ஈரம் ஏறினால் படத்தின் ஜெலட்டின் பூச்சில் பூஞ்சை பிடித்துவிடும். அசிட்டேட் பிலிம் சிதையும்போது அசிட்டிக் அமிலம் கசியும். பெட்டியைத் திறந்ததும் காடி வாசம் (நம் ஊறுகாய் ஜாடி வாசமேதான்) அடித்தால், அந்தச் சுருளைத் தனியே எடுத்துவைத்து முதலில் ஸ்கேன் செய்யுங்கள். மற்றவற்றுக்கும் அந்தச் சிதைவு தொற்றும்.

அச்சுப் படங்களின் பின்புறம் பேனா வேண்டாம். மென்மையான பென்சில் போதும். என்னைக் கேட்டால், வண்டி எண்ணைவிட, ஓரத்தில் ஸ்பேனரோடு நிற்பவர் யார் என்பதைத்தான் முதலில் எழுதவேண்டும். வண்டி எண் படத்திலேயே தெரியும். அவர் பெயர் வீட்டுப் பெரியவருக்கு மட்டும்தான் தெரியும்.