பணம் வாங்க ரகசிய எண் எதற்கு?

சரக்கு வாங்கும்போது நாம் காட்டும் எச்சரிக்கையை, விற்கும்போது அந்த அளவுக்குக் காட்டுவதில்லை. மிளகாய் வற்றல் மூட்டை வந்தால் கையை உள்ளே விட்டு அடியில் ஈரம் இருக்கிறதா என்று பார்க்கிறோம். பருப்பு வந்தால் மாதிரி எடுத்துப் பார்த்த பிறகே இறக்கச் சொல்கிறோம். ஆனால் ஒருவர் நமக்குப் பணம் தர வருகிறார் என்றால், "வருவது வரவுதானே, இதில் நமக்கு என்ன நஷ்டம்?" என்ற எண்ணம் நம்மை அறியாமலேயே வந்துவிடுகிறது. கைப்பேசி வழியாகப் பழைய பொருளை விற்கப் போய்ப் பணத்தைப் பறிகொடுத்தவர்களில், நாம் அறிந்த அத்தனை பேரும் இந்த இடத்தில்தான் சறுக்கியிருக்கிறார்கள்.

கடையைப் புதுப்பிக்கும்போது பழைய பிரீசர், கண்ணாடி அலமாரி, இரும்பு ரேக், தராசு, சரக்கு ஆட்டோ என்று ஏதாவது ஒன்று மிஞ்சும். முன்பெல்லாம் பழைய இரும்புக் கடைக்காரர் கேட்டதுதான் விலை. இப்போது படம் எடுத்து, பழைய பொருட்கள் விற்கும் செயலியில் போட்டால் நாலு பேர் கேட்கிறார்கள், விலையும் கிடைக்கிறது. நல்ல வசதிதான். அதைக் குறை சொல்ல இதை எழுதவில்லை.

நம்மிடம் சரக்கு எடுக்கும் மளிகைக் கடைக்காரர் ஒருவருக்கு நேர்ந்ததை, அவர் சம்மதத்தோடு, பெயரை மட்டும் விட்டுவிட்டு இங்கே சொல்கிறோம். அவர் தம் பழைய பிரீசரை 18,000 ரூபாய் என்று விளம்பரம் செய்தார். அரை மணி நேரத்தில் அழைப்பு வந்தது. பேசியவர், தாம் ராணுவத்தில் இருப்பதாகவும், மாறுதலாகி இப்போதுதான் ஊருக்கு வந்திருப்பதாகவும், கேன்டீனுக்கு பிரீசர் தேவைப்படுவதாகவும் சொன்னார். நேரில் வந்து பார்க்க வேண்டாமாம், படமே போதுமாம். விலையில் ஒரு ரூபாய் குறைக்கச் சொல்லவில்லை. பழைய பொருளைப் பேரம் பேசாமல் வாங்கியவரை நம் வியாபார அனுபவத்தில் நாம் கண்டதில்லை. நம் கடைக்காரருக்கும் சற்று நெருடத்தான் செய்திருக்கிறது. ஆனால் அதற்குள் சீருடையில் ஒரு படமும், அடையாள அட்டையின் படமும் வாட்ஸ்அப்பில் வந்துவிட்டன. ராணுவ வீரர் என்றால் நமக்கெல்லாம் ஒரு மரியாதை உண்டு. அந்த மரியாதைதான் இந்தக் கும்பலுக்கு முதலீடு.

"பணம் எங்கள் ஆபீஸ் கணக்கிலிருந்து வரும் சார், அதற்கு ஒரு முறை இருக்கிறது" என்று சொல்லி ஒரு கியூஆர் கோடு அனுப்பினார். "முதலில் 5 ரூபாய்க்குப் பார்ப்போம். ஸ்கேன் செய்து உங்கள் நம்பரைப் போடுங்கள்" என்றார். நம்மவர் செய்தார். 5 ரூபாய் போனது. அதே நேரத்தில் அந்த ஆள் வேறு வழியாக 10 ரூபாய் அனுப்பி வைத்தார். போட்டது 5, வந்தது 10 என்றதும் முழு நம்பிக்கை வந்துவிட்டது. அடுத்த கோடு 9,000 ரூபாய்க்கு வந்தது. "பாதிப் பணம் வருகிறது" என்றார்கள். ஸ்கேன் செய்து எண்ணைப் போட்டதும் 9,000 போய்விட்டது. பதறிப்போய்க் கேட்டால், "சர்வர் கோளாறு சார், இன்னொரு முறை போட்டால் இரண்டும் சேர்ந்து திரும்பிவிடும்" என்று பதில். இரண்டாவது 9,000 போனது. மூன்றாவதும் போனது. பன்னிரண்டு நிமிடத்தில் 27,000 ரூபாய் போயிற்று. பிரீசர் மட்டும் இடத்தை விட்டு நகரவில்லை.

படித்தவர், வரவு செலவில் கறாரானவர், அவர் எப்படி ஏமாந்தார் என்று பலரும் கேட்டார்கள். தினமும் 200 பேரிடம் யுபிஐ மூலம் பணம் வாங்குகிறவர்தான். ஒரு விஷயத்தைப் பாருங்கள். நம் கல்லாப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் கியூஆர் அட்டையை ஸ்கேன் செய்வது யார்? வாடிக்கையாளர். ரகசிய எண்ணைப் போடுவது யார்? அவரேதான். பணம் வாங்கும் நாம் கைப்பேசியைத் தொடுவதுகூட இல்லை, பக்கத்தில் இருக்கும் ஒலிப்பெட்டி தானாகச் சொல்கிறது. அந்தக் கோட்டுக்குள் இருப்பது, பணம் யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்ற முகவரி மட்டுமே. வேண்டுமானால் தொகையையும் சேர்த்து எழுதலாம். ஆகவே எவர் ஸ்கேன் செய்கிறாரோ அவர்தான் கொடுப்பவர். யுபிஐ 2016-இல் வந்தது முதல் இதுதான் முறை. ரகசிய எண் தேவைப்படுவது பணம் வெளியே போவதற்கும், இருப்பைப் பார்ப்பதற்கும்தான். பணம் உள்ளே வருவதற்கு அது எங்கும் தேவையில்லை.

இதே மோசடிக்கு முன்பு இன்னொரு குறுக்கு வழியும் இருந்தது. "பணம் தாருங்கள்" என்று கேட்கும் கோரிக்கையை நம் செயலிக்கு அனுப்பி, அதைப் பணம் வருவதற்கான அறிவிப்பு என்று நம்ப வைப்பார்கள். தனி நபருக்குத் தனி நபர் இப்படிக் கோரிக்கை அனுப்பும் வசதியை 2025 அக்டோபர் 1 முதல் தேசியக் கொடுப்பனவுக் கழகம் நிறுத்திவிட்டது. ஆனால் கியூஆர் வழி அப்படியே இருக்கிறது.

வேறொரு வகையில், 1,500 ரூபாய் அனுப்ப வேண்டிய இடத்தில் 15,000 அனுப்பிவிட்டேன், மீதியை உடனே திருப்பி விடுங்கள், பிள்ளை ஆஸ்பத்திரியில் இருக்கிறான் என்று அழுவார்கள். வங்கியிலிருந்து வந்ததுபோலக் குறுஞ்செய்தியும் வரும். கவனித்துப் பார்த்தால் அது பத்து இலக்கக் கைப்பேசி எண்ணிலிருந்து வந்திருக்கும். வங்கியின் செய்தி எழுத்துகள் கொண்ட பெயரில்தான் வரும். அடுத்தவர் காட்டும் படத்தையோ, நமக்கு வரும் குறுஞ்செய்தியையோ வரவு வைக்காமல், நம் கணக்கைத் திறந்து இருப்பைப் பார்த்த பிறகு பேசினால் போதும்.

பணம் போய்விட்டால் முதல் வேலை 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்வது. 2021-இல் தொடங்கியபோது 155260 என்று இருந்த உதவி எண்தான் இப்போது 1930. வெட்கப்பட்டுக்கொண்டு மறுநாள் வரை வீட்டில் சொல்லாமல் இருப்பவர்கள்தான் முழுவதையும் இழக்கிறார்கள். திருடியவன் பணத்தை ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி எடுத்துவிடுவதற்குள் அந்தக் கணக்கை நிறுத்த வேண்டும். பரிவர்த்தனையின் 12 இலக்க எண், நேரம், தொகை ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேச வேண்டும். நம் கடைக்காரர் நாற்பது நிமிடத்தில் சொன்னதால் கடைசி 9,000 வழியிலேயே நிறுத்தப்பட்டு, நீதிமன்ற உத்தரவு பெற்று அவருக்குத் திரும்பியது. மற்ற 18,000 போனது போனதுதான். வங்கி தரவேண்டும் என்று அவர் வாதாடிப் பார்த்தார். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, வங்கியின் தவறோ மூன்றாம் நபரின் ஊடுருவலோ இருந்தால் வாடிக்கையாளருக்குப் பாதுகாப்பு உண்டு. நம் கையாலேயே ரகசிய எண்ணைப் போட்டிருந்தால் அந்த வழியில் பணம் திரும்பக் கிடைப்பது அரிது. குற்றவாளி பிடிபட்டால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவு இருக்கிறது. பழைய 420-க்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் வந்தது அது. பிடிபட வேண்டுமே!

வணிகர்கள் இதைவிடப் பயப்பட வேண்டியது ஒன்று உண்டு. சில சமயம் பணம் உண்மையாகவே வந்துவிடும். ஆள் வந்து பொருளை ஏற்றிக்கொண்டு போய்விடுவார். நாலு நாள் கழித்துப் பார்த்தால் நம் கணக்கு முடக்கப்பட்டிருக்கும். வேறு எங்கோ ஒருவரிடம் திருடிய பணத்தைக் கொண்டு நம் பொருளை வாங்கியிருப்பார்கள். புகார் கொடுத்தவரின் பணம் போன வழியெல்லாம் தேடிவரும் காவல்துறை, நம் கணக்கிலும் கை வைக்கும். அது கடையின் நடப்புக் கணக்காக இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மண்டிக்குக் கொடுத்த காசோலைகள் திரும்பும். பழைய ரேக்குக்கு வந்த 6,000 ரூபாய்க்காக நாலு லட்ச ரூபாய் சரக்குக்கான பேச்சு கெட்டுப்போகும். இப்படி ஒரு வழக்கில், சர்ச்சைக்குரிய தொகையை மட்டும் நிறுத்தி வைத்து மீதியை இயக்க விட வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் உத்தரவிட்டது. கணக்கு முழுவதும் முடங்கியவர்கள் அந்தத் தீர்ப்பை வழக்கறிஞர் மூலம் எடுத்துக்காட்டலாம். அதோடு, எந்த ஊர்க் காவல் நிலையம், எந்தப் புகார் எண், எவ்வளவு தொகை என்பதை வங்கியிடம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

இத்தகைய விற்பனைக்குக் கடைக் கணக்கைக் கொடுக்காமல், அதிக இருப்பு இல்லாத ஒரு சேமிப்புக் கணக்கைத் தனியாக வைத்துக்கொள்வது நல்லது. பொருளை எடுக்க வருபவரின் பெயர், வண்டி எண், பணம் அனுப்பிய கணக்கின் பெயர் ஆகியவற்றை ஒரு சீட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அனுப்பியவர் பெயரும் வந்திருப்பவர் பெயரும் வேறாக இருந்தால் காரணம் கேளுங்கள். சரியான பதில் வராவிட்டால் பொருளை வண்டியில் ஏற்ற விடாதீர்கள்.