ஏறமுடியாத புகையிரதம்

குறுந்தொகையின் அறுபத்தோராம் செய்யுளிலே தும்பிசேர்கீரனார் ஒரு விளையாட்டு வண்டியைக் காட்டுகின்றார். தச்சன் கையால் ஆன வண்டி அது. அதன்மேல் ஏறிப் போகும் பேறு சிறுவர்க்கு இல்லை. இழுத்துக்கொண்டு திரிவதே அவர்களுக்குப் போதிய இன்பமாயிருக்கிறது. தலைவனைக் கூடிவாழும் பேறு வாய்க்காவிடினும் அவன் நட்பைப் பேணிவரும் அளவிலே தாங்கள் மகிழ்வதைச் சொல்லத் தோழி எடுத்துக்கொண்ட உவமை இது. அங்கே வண்டிக்குப் புலவர் இட்ட பெயர் ‘வையம்’. உலகத்துக்கும் அதுவே பெயர். தச்சன் செய்த வண்டியும் நாம் வாழும் நிலமும் ஒரு சொல்லுக்குள் அடங்கிய மொழி நம்முடையது.

பிள்ளைத்தமிழின் சிறுதேர்ப் பருவமும், பட்டினப்பாலையின் மூன்று சக்கர வண்டியும், வடமொழியிலே சூத்திரகனின் மிருச்சகடிகத்தில் வரும் மண்வண்டியும் இவ்வினத்தனவே. ஆகவே வயது எழுபதைக் கடந்த ஒருவர் தம் வீட்டில் சிறு புகையிரதம் ஓட்டி மகிழ்கிறார் என்று கேட்டு நகைப்பவர், நகைக்குமுன் நம் இலக்கியத்தை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நன்று.

நான் சொல்லும் மனிதர் ஓய்வுபெற்ற நிலைய அதிபர். திருக்கோணமலை உட்துறைமுகப் பக்கத்திலே அவர் வீடு. முன் விறாந்தையின் இரு சுவர்களையும் ஒட்டி, இடுப்பளவு உயரத்தில், பதினான்கு அடி நீளமும் இரண்டரை அடி அகலமுமாக ஒட்டுப்பலகை மேடை ஒன்று வளைந்து செல்கிறது. அதன் ஒரு முனையில் கல்லோயாச் சந்தி, மறுமுனையில் திருக்கோணமலை. இடையே கந்தளாய், தம்பலகாமம், சீனக்குடா. இத்தகைய மேடையை ஆங்கிலர் ‘லேஅவுட்’ என்பர். நான் ‘சிறுவையம்’ என்று பெயரிட்டேன். அவர் இன்னும் ‘லேஅவுட்’ என்றே சொல்கிறார். அவர் மனைவியார் ‘கோச்சிப் பலகை’ என்கிறார். மூன்றாவதே நிலைத்துவிடும் என்று தோன்றுகிறது.

1927இல் திறக்கப்பட்ட பாதை இது. கல்லோயாவிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீற்றர். இதை நூறில் ஒரு பங்காகக் குறைத்தாலும் 700 மீற்றர் வேண்டும். நகரத்துக் கடைத்தெருவையே வாடகைக்கு எடுக்கவேண்டி வரும். எனவே சிறுவையம் அமைப்பவன் முதலிற் கற்கவேண்டியது எதை விடுவது என்பதே. கந்தளாய்க் குளம் இங்கே ஒரு முழக் கண்ணாடித்தகடு. தம்பலகாமத்து வயல் இரண்டு கையகலம். சீனக்குடாவில் ஆங்கிலேயர் கட்டிய எண்ணெய்க் குதங்கள் நூறளவு உண்டு; மேடையில் நிற்பவை நான்கு. பார்ப்பவர் ‘நான்கு’ என்று எண்ணுவதில்லை. ‘குதங்கள்’ என்றே எண்ணுகிறார்கள். பன்மைக்கு நான்கு போதும் என்பது இலக்கணத்துக்கும் உடன்பாடே.

நூறில் ஒரு பங்கு என்ற அளவுக்கு ஒரு காரணம் உண்டு. உலகக் கடைகளில் மிகுதியாகக் கிடைக்கும் சிறு தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீற்றர். 1938இல் லிவர்பூலிலிருந்து வெளிவந்த ‘ஹோர்ன்பி டப்லோ’ வண்டிகள் ஓடியதும் அதன்மேலேதான். அவ்வண்டிகள் 76இல் ஒரு பங்கு. பிரித்தானியத் தண்டவாளத்துக்கே அது சற்று ஒடுக்கம். நம் நாட்டுத் தண்டவாளமோ இந்தியாவினதைப் போல ஐந்தரை அடி அகலமுடையது. 76இல் ஒரு பங்கு வண்டிக்கு 22 மில்லிமீற்றர் வேண்டும். கடைத் தண்டவாளத்தில் அவ்வண்டியை வைத்தால், ஒற்றைக் கால்மேல் நிற்கும் கொக்குப் போலத் தோன்றும். நிலைய அதிபர் தண்டவாளத்தை மாற்றவில்லை; வண்டியைச் சிறிதாக்கினார். நூறில் ஒரு பங்காக வண்டியைச் செய்தால் 16.5 மில்லிமீற்றர் ஐந்தரை அடிக்கு ஏறக்குறையச் சரியாக ஒத்துவிடுகிறது. ஐரோப்பிய எஞ்சின்களின் அடிச்சட்டத்தையும் மோட்டாரையும் வைத்துக்கொண்டு, மேற்கூட்டை அட்டையாலும் பிளாஸ்ரிக் தகட்டாலும் தாமே வெட்டி ஒட்டினார். இதில் இன்னொரு நன்மையும் உண்டு: கட்டடக்கலைஞர் தம் மாதிரிகளில் வைக்கும் மனித உருவங்கள் இதே அளவில் விலைக்குக் கிடைக்கின்றன. அவை எல்லாம் கோட்டும் காற்சட்டையும் அணிந்து வருவதே குறை.

எஞ்சினை இயக்குவது 12 வோல்ற் நேர்மின்னோட்டம். இரு தண்டவாளங்களும் இரு கம்பிகளாகி மின்சாரத்தைச் சக்கரத்துக்குக் கொடுக்கின்றன. திசை மாற்றினால் வண்டி பின்னே செல்லும். அழுத்தம் கூட்டினால் விரையும். இவ்வளவும் எளிது. துறைமுக ஊரில் எளிதல்லாதது உப்புக்காற்று. தண்டவாளத்தின் பெயர் ‘நிக்கல் வெள்ளி’; ஆனால் அதில் வெள்ளி சிறிதும் இல்லை. செம்பும் நாகமும் நிக்கலும் சேர்ந்த கலப்பு அது. கடற்காற்றில் ஒரு கிழமை கிடந்தால் அதன்மேல் மங்கல் படர்கிறது. மின்சாரம் தடைப்பட்டு வண்டி விக்குகிறது. சாராயச் சத்துத் தோய்த்த துணியால் ஒவ்வொரு முறையும் துடைக்கவேண்டும். வாடைக்காற்றுக் காலத்தில் ஒட்டுப்பலகை ஈரம் குடித்து ஊதும், பல்லி முட்டையிடும். சென்ற மார்கழியில் ஒரு பல்லி தம்பலகாமம் நிலையத்துக்குள்ளேயே குடியேறிவிட்டது. அதன் அளவுக்கு அது முதலை என்க.

வாங்கி வைத்து அழகு பார்ப்பவர் பலர். ஜேர்மனியின் மேர்க்லின் நிறுவனம் 1891இல் தண்டவாள அகலங்களை வகுத்து, வண்டிகளையும் பாதைகளையும் தொகுதியாக விற்கத் தொடங்கியதிலிருந்து அந்த இனம் வளர்ந்தே வருகிறது. அவர்களை நான் குறைகூறவில்லை. ஆனால் வண்டியை வட்டமாகச் சுற்றவிட்டால் பத்தாம் சுற்றில் பார்வை தானே விலகும். புனேயில் 1998இல் திறக்கப்பட்ட ஜோஷி சிறு புகையிரதக் காட்சியகம் போன்ற பெரிய அமைப்புகள் கண்ணுக்கு விருந்து; அங்கே நாம் பார்வையாளர். வீட்டுச் சிறுவையத்தின் சுவை வேறு. அங்கே வேலை உண்டு.

அந்த வேலையின் சட்டம் ஒற்றைத் தடத்தின் சட்டம். ஒரே தடத்தில் இரு திசையிலும் வண்டி ஓடவேண்டும், மோதக்கூடாது. 1874இல் இங்கிலாந்தின் நோரிச் நகருக்கு அருகே தோர்ப் என்னுமிடத்தில் எதிரெதிரே வந்த இரு வண்டிகள் ஒற்றைத் தடத்தில் மோதின. அதன்பின் 1878இல் எட்வர்ட் டையர் என்பவர் மின்சாரத் தகட்டுப் பொறியை அமைத்தார். இரு நிலையங்களிலும் உள்ள பொறிகள் மின்னாற் பிணைக்கப்பட்டவை. ஒரு தகடு வெளியே இருக்கும்போது மற்றொன்று வெளிவராது. தகடு கையில் இல்லாத சாரதி அந்தப் பகுதிக்குள் நுழையக்கூடாது. இலங்கைப் பாதைகளில் நெடுங்காலம் காத்து நின்ற முறை இது. நிலைய அதிபர் ஒருவர் வளையத்தை உயர்த்திப் பிடிக்க, ஓடும் எஞ்சினிலிருந்து சாரதியின் உதவியாள் கைநீட்டி அதைப் பற்றும் காட்சியைக் கண்டவர் மறக்கமாட்டார்.

சிறுவையத்திலே தகட்டின் இடத்தில் ஒரு பித்தளைக் காப்பு இருக்கிறது. பகுதிக்கு ஒரு காப்பு. சாரதியின் முன் அடித்த இரு ஆணிகளில் காப்பைத் தொங்கவிட்டால்தான் அந்தப் பகுதிக்கு மின்சாரம் பாயும். காப்பு இல்லையேல் வண்டி அசையாது. ஏமாற்ற வழியில்லை. ஆனால் ஒரே காப்பு என்பதால் ஒரு சங்கடமும் உண்டு. ஒரே திசையில் இரண்டு வண்டிகள் அடுத்தடுத்துப் போகவேண்டுமானால், முதல் வண்டியோடு மறுமுனைக்குப் போன காப்பை யாராவது நடந்து சென்று எடுத்து வரவேண்டும். டையர் ஏன் பல தகடுகளைப் பொறிக்குள் வைத்தார் என்பது அப்போது விளங்குகிறது. காப்பை எடுத்துவரும் வேலை நிலைய அதிபரின் பேத்திக்கு. பன்னிரண்டு வயது. யாழ்ப்பாணத்திலிருந்து விடுமுறைக்கு வருபவள்.

சனிக்கிழமை மாலையில் நாலரை மணிக்கு ஓட்டம் தொடங்கும். சுவரிலே ஒரு கடிகாரம், உண்மைக் கடிகாரத்தைவிடப் பன்னிரண்டு மடங்கு விரைந்து ஓடுவது; ஐந்து நிமிடம் அங்கே ஒரு மணித்தியாலம். நான் சாரதி. மணிக்கு 48 கிலோமீற்றர் என்பது இந்த அளவில் ஒரு விநாடிக்கு 13 சென்ரிமீற்றர். மேடை முழுவதையும் அரை நிமிடத்தில் கடந்துவிடலாம். அதனால் ஒவ்வொரு நிலையத்திலும் நின்று, மாவு ஏற்றிய பெட்டியைக் கழற்றி, வெறும் பெட்டியை மாட்டி, எதிர்வண்டிக்கு வழிவிட்டு, அட்டவணைப்படி செல்லவேண்டும். ஒருமுறை கந்தளாயில் நான் ஏதோ யோசனையாய் நின்றுவிட்டேன்.

“என்ன பண்டிதர், தபால் வண்டியை நிறுத்திவைத்து வெண்பாவுக்கு ஈற்றடி தேடுகிறீர்களோ?” என்றார்.

“எதுகை கிடைத்துவிட்டது ஐயா. காப்புத்தான் கிடைக்கவில்லை” என்றேன்.

இத்தகைய சிறுவையம் அமைப்போர் முதலில் ஓர் ஆண்டைத் தெரிந்துகொள்வர். எந்த ஆண்டின் எஞ்சின், எந்த ஆண்டின் நிறம், எந்த ஆண்டின் அட்டவணை என்பவை ஒத்திருக்க வேண்டும். அவர் தெரிந்த ஆண்டு 1955. அப்போது அவருக்கு எட்டு வயது. தந்தையார் தம்பலகாமத்துப் பக்கம் தண்டவாளம் பராமரிக்கும் வேலையில் இருந்தார். நீராவி எஞ்சினும், கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடாவிலிருந்து 1954 முதல் வந்து அந்நாட்டு மாகாணங்களின் பெயர் தாங்கிய டீசல் எஞ்சினும் இலங்கைப் பாதைகளில் ஒருங்கே ஓடிய காலம். துறைமுகத்தில் பிரித்தானியக் கடற்படை இருந்தது. தளம் இலங்கையின் கைக்கு வந்தது 1957இல். இவையெல்லாம் நல்ல காரணங்கள். ஆனால் உள்ளே வேறொரு காரணம் இருக்கிறதென்று எனக்குப் பட்டது, கேட்டேன்.

“1956ஐ வைத்தால் மொழிச் சட்டம். 1958ஐ வைத்தால், அந்த மே மாதம் பொலன்னறுவை நிலையத்தில் பயணிகளை அடித்தார்கள். அது மட்டக்களப்புப் பாதை என்பீர்கள். மாகோவிலிருந்து கல்லோயா வரைக்கும் இரண்டுக்கும் ஒரே தண்டவாளந்தானே. 1983ஐச் சொல்லவே வேண்டாம். எந்த ஆண்டை வைத்தாலும் வந்தவர்களுக்கு விளக்கம் சொல்லவேண்டும் பண்டிதர். நான் கோச்சி ஓட்டுவதா, விளக்கம் சொல்வதா?”

இதற்கு உடனே மறுமொழி சொல்ல எனக்கு இயலவில்லை. அகப்பாட்டில் தலைவன் பெயரைச் சுட்டக்கூடாது என்பது விதி. பெயர் புகுந்தால் பாட்டுப் புறமாகிவிடும். நிலைய அதிபர் செய்திருப்பதும் அதுவே என்று முதலில் நினைத்தேன். பிறகு யோசித்தால் ஒப்புமை முழுதும் பொருந்தவில்லை. அகப்பாட்டு பெயரைத்தான் விடும், பிரிவை விடாது. பாலை இல்லாத அகத்திணை உண்டா?

நான் யாழ்ப்பாணத்திற் சில ஆண்டு படிப்பித்த காலத்தில் கீழ்வகுப்புக் கட்டுரைத் தலைப்புகளுள் ‘நான் சென்ற புகையிரதப் பயணம்’ என்பதும் ஒன்று. 1990இல் யாழ்தேவி அங்கு வருவது நின்றது. போரிலே தண்டவாளமும் சிலிப்பர்க்கட்டையும் பெயர்த்தெடுக்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குப் போயின. 2014 ஒக்ரோபரில்தான் வண்டி மீண்டும் யாழ்ப்பாண நிலையத்துக்கு வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளிலும் பிள்ளைகள் அந்தக் கட்டுரையை எழுதினார்கள். ‘வண்டி கூவென்று கூவிப் புறப்பட்டது, மரங்கள் பின்னோக்கி ஓடின’ என்று அழகாக எழுதினார்கள். எழுதியவர்களிற் பலர் புகையிரதத்தைக் கண்ணாலும் கண்டதில்லை. இலக்கணப் பிழைக்குப் புள்ளி குறைக்கலாம். இதற்கு எதைக் குறைப்பது? அந்தப் பிள்ளைகளை நினைக்கும்போது 1955 என்ற ஆண்டு எனக்குப் போதாததாகத் தோன்றுகிறது. இதை அவரிடம் சொன்னேன். அவர் தண்டவாளத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஆண்டுக்கு வேலி போட்டாலும் காலம் உள்ளே வந்துவிடுகிறது. 2025 பெப்ருவரியில் ஹபரணைக்கு அருகே புகையிரதம் மோதி ஆறு யானைகள் இறந்தன. அடுத்த விடுமுறையில் பேத்தி களிமண்ணால் மூன்று யானைகள் செய்து கல்லோயாவுக்கு இப்பால் நிறுத்தினாள். அன்று முதல் சுவர்க் கடிகாரத்தில் இருட்டிய பின் அவ்விடத்தில் வேகம் பாதியாகக் குறையவேண்டும். 1955இன் விதிப்புத்தகத்தில் இல்லாத விதி. அவர் தம் கையாலேயே அதை அட்டவணையின் ஓரத்தில் எழுதிவைத்திருக்கிறார்.

கல்லோயாவுக்கு அப்பால் ஒரு துணித்திரை தொங்குகிறது. அதன் பின்னே நான்கு தடங்கள். மேடைக்கு அப்பாலுள்ள உலகம் முழுவதும் அந்த நான்கு தடங்களில் அடக்கம். வண்டிகள் அங்கிருந்து வந்து அங்கேயே போகும். மூன்று தடங்களுக்குக் கொழும்பு, மாகோ, மட்டக்களப்பு என்று அட்டை கட்டியிருந்தார். நான்காவது பழுதுபட்ட பெட்டிகள் நிற்குமிடம். அதற்குப் பெயரில்லை. பேத்தி பழுதுபட்டவற்றையெல்லாம் ஒரு பிஸ்கற் பெட்டிக்குள் அள்ளிப் போட்டுவிட்டு, தடத்துக்கு ‘யாழ்ப்பாணம்’ என்று அட்டை எழுதிக் கட்டினாள். கைப்பிடிக் கம்பி ஒரு நூலளவு பிழைத்தாலும் பெட்டியைப் பிரித்து மீண்டும் ஒட்டும் மனிதர் அவர். அட்டையை எடுத்துவிடுவார் என்று நான் எதிர்பார்த்தேன். எடுக்கவில்லை. இரண்டு கிழமை கழித்து அட்டவணையில் புதிய வரி ஒன்று இருந்தது: திருக்கோணமலையிலிருந்து இரவுத் தபாலோடு யாழ்ப்பாணத்துக்கு ஒரு பெட்டி, மாகோவில் கழற்றி வடக்கே போகும் வண்டியில் மாட்டவேண்டும். அப்படியொரு பெட்டி ஓடியதாக அவரிடமுள்ள பழைய அட்டவணை எதிலும் இல்லை.

அந்தப் பெட்டி இன்னும் முடியவில்லை. கூரை ஒட்டவேண்டும், உள்ளே இருபத்துநான்கு பேர் இருக்கவேண்டும். பதினேழு மில்லிமீற்றர் உயரமுள்ள அந்த மனிதர்களில் ஒன்பது பேருக்கே இதுவரை வேட்டியும் சேலையும் தீட்டியாகியிருக்கிறது. ஒருவருடைய கோட்டு மட்டும் எவ்வளவு வண்ணம் பூசினாலும் வேட்டியாகமாட்டேன் என்கிறது. அவரைப் பெட்டியில் ஏற்றாமல், கடற்படைக் கப்பலுக்குப் போகிறவராகச் சீனக்குடா மேடையில் நிறுத்திவிடலாம் என்பது பேத்தியின் யோசனை.