தீயைத் தடுத்த கற்றூசி

நிலக்கரிச் சுரங்கத்தில் வெடிவிபத்து நேர்ந்தால், அங்கே கசியும் எரிவாயுவையே பலரும் காரணமாகக் கூறுவர். ஆயினும், வாயு மிகக் குறைந்த சுரங்கங்களும் வெடித்ததுண்டு. காலடியில் படிந்து கிடக்கும் கரித்தூசியே அங்கு யமனாக வந்தது. இவ்வுண்மையை நிலைநாட்டப் பாடுபட்டவர்களுள் ஒருவர் வில்லியம் கார்போர்த் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர்.

1845ஆம் ஆண்டு பிறந்த கார்போர்த், யோர்க்ஷயரிலுள்ள ஆல்டொப்ற்ஸ் சுரங்கத்தை நிருவகித்தார். 1886 ஒக்டோபரில் அங்கு நிகழ்ந்த வெடிவிபத்தில் 20க்கு மேற்பட்ட தொழிலாளர் மாண்டனர். தீ சென்ற வழியை அவர் ஆராய்ந்தார். கரித்தூசி படிந்த பாதைகளில் பாய்ந்த தீ, கற்றூசி மிகுந்த இடங்களில் அவிந்திருக்கக் கண்டார்.

இதன் காரணம் எளிது. முதலில் எழும் சிறு வெடியின் வேகம் தூசியைக் கிளப்பும். பின்னே வரும் சுவாலை அதனைப் பற்றும். அதனால் எழும் வெடி இன்னும் தூசியைக் கிளப்பும். இவ்வாறு தீ தனக்கு வேண்டிய இரையைத் தானே தேடிக்கொள்ளும். கற்றூசியோ எரியாது, கரித்தூசியுடன் கலந்து எழுந்து, வெப்பத்தை உறிஞ்சிச் சுவாலையைத் தணித்துவிடும்.

கார்போர்த் இயந்திரக் கலையிலும் வல்லவர். கரிப்படையின் அடியை அறுக்கும் சக்கர இயந்திரத்தை அமைத்தார். உழைப்பைக் குறைத்த அத்தகைய இயந்திரங்கள் தூசியைப் பெருக்கவும் செய்தன. ஆகவே காப்புமுறை முன்னிலும் அவசியமாயிற்று. விபத்தில் அகப்பட்டோரை மீட்கச் செல்வோருக்கென மூச்சுக்கருவியும் பயிற்சிக்கூடமும் அவர் அமைத்தார்.

1906இல் பிரான்சின் கூரியேர் சுரங்கத்தில் 1,099 பேர் மாண்டனர். அப்பேரிடர் எங்கும் அச்சத்தை விளைத்தது. 1908இல் ஆல்டொப்ற்ஸில் பழைய கொதிகலங்களின் கூடுகளை இணைத்து நீண்ட குழாய்ப்பாதை ஒன்று அமைக்கப்பட்டது. அதனுள்ளே வாயுவின் துணையின்றிக் கரித்தூசி மட்டும் வெடித்தது. கற்றூசி தூவிய பகுதியில் தீ அடங்கியது. ஐயுற்றோரும் கண்ணாரக் கண்டனர். கற்றூசி தொழிலாளரின் நுரையீரலைக் கெடுக்குமோ என்ற வினாவும் எழுந்தது. எந்தக் கல்லின் தூசியும் ஆகாது. தீங்கு குறைந்த கல்லையே தெரிந்தெடுக்க வேண்டும் என்பது தெளிவாயிற்று.

1914இல் அவருக்கு 'சேர்' பட்டம் கிடைத்தது. 1920இல் பிரித்தானிய விதிகள் கரித்தூசிக்கு எதிரான காப்பைக் கட்டாயமாக்கின. அடுத்த ஆண்டு கார்போர்த் காலமானார். விபத்தைக் கண்டு வருந்துவோர் பலர். அது மீண்டும் நிகழாதிருக்க வழிதேடி முப்பதாண்டுக்கு மேல் உழைத்தவர் அவர்.