ஒரு சதவீத வரி: ரூன்ஸ்கேப்பில் வந்த ஒரு குட்டி அப்டேட்

ஆன்லைன் ஆர்.பி.ஜி. கேம்களில் அப்டேட்னு சொன்னாலே புது ராட்சசன், புது வாள், புது ஊர் பத்தித்தான் பேச்சு இருக்கும். 2021 டிசம்பரில் 'ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்'பில் வந்தது அந்த ரகம் இல்லை. சந்தையில் ஒரு பொருளை விற்றால் விற்ற விலையில் 1% வரி. அந்த வரிப்பணத்தில் ஒரு பகுதியை வைத்து கேமே சந்தையில் பொருட்களை வாங்கி அழித்துவிடும். புது கதையும் இல்லை, புது படமும் இல்லை. ஆனா ஒரு கேமின் பொருளாதாரம் எப்படி ஓடுதுன்னு புரிஞ்சுக்க இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

கேமை விளையாடாதவர்களுக்காக கொஞ்சம் முன்கதை. ரூன்ஸ்கேப் 2001இல் இங்கிலாந்தில் தொடங்கியது. நடத்துவது ஜாகெக்ஸ் நிறுவனம். கேம் வளர வளர அடையாளமே மாறிப்போச்சுன்னு பழைய ஆட்கள் புலம்ப, 2007 ஆகஸ்ட் மாதத்து பேக்கப் ஒன்றை எடுத்து 2013இல் தனி கேமாகவே விட்டார்கள். அதுதான் ஓல்ட் ஸ்கூல். 'கிராண்ட் எக்ஸ்சேஞ்ச்' என்கிற பொதுச்சந்தை மூல கேமுக்கு வந்தது 2007 நவம்பரில். அதாவது அந்த பேக்கப்பில் சந்தையே கிடையாது. 2015இல்தான் ஓல்ட் ஸ்கூலுக்கு அது வந்தது. அதுவரை ஆளுக்கு ஆள் நேரில் பேரம் பேசித்தான் வியாபாரம்.

குழாயும் வடிகாலும்

நம்ம ஊரில் ரூபாய் நோட்டை ரிசர்வ் வங்கி அச்சடிக்குது. கேமில் ஒவ்வொரு ப்ளேயரும் அச்சடிக்கிறார். ராட்சசனைக் கொன்றால் காசு விழும். அந்தக் காசு வேறு யார் பையிலிருந்தும் வந்ததில்லை, அந்த நொடியில் பிறந்தது. 'ஹை ஆல்கமி' மந்திரம் இன்னும் நேரடி. ஒரு பொருளை அழித்து, கேம் அதற்கு வைத்திருக்கும் மதிப்பில் 60 சதவீதத்தை காசாக்கித் தரும். ரூன் மார்புக்கவசத்தின் மதிப்பு 65,000. மந்திரம் போட்டால் 39,000 காசு கையில்.

இதெல்லாம் குழாய். தொட்டி நிரம்பி வழியாம இருக்க வடிகாலும் வேணும். வீடு கட்டும் செலவு, கடையில் வாங்கும் சாமான், செத்தபின் பொருளை மீட்கும் கட்டணம், இவையெல்லாம் வடிகால். குழாய் பெருசா, வடிகால் சின்னதா இருந்தா காசின் மதிப்பு குறையும். இது எல்லா ஆன்லைன் கேமுக்கும் உள்ள பழைய தலைவலி.

பொருட்களுக்கும் அதே கதைதான். 'அபிஸல் விப்' என்கிற சாட்டைக்கு தேய்மானமே கிடையாது. இன்னைக்கு ஒருத்தர் வென்ற சாட்டை அஞ்சு வருஷம் கழிச்சும் சாட்டைதான். தினம் புதுசு சேருது, பழசு தேய்ஞ்சு போறதில்லை. அப்போ விலை சரியாம என்ன பண்ணும்? சரிந்து சரிந்து ஆல்கமி விலையில் போய் நிற்கும். அதுக்குக் கீழே போகாது, ஏன்னா அங்கே மந்திரம் போட்டு காசாக்குவதே லாபம். ஆனா அப்படி அழியும் ஒவ்வொரு பொருளும் புதுக்காசைப் பிறப்பிக்கும். பொருள் வடிகால் திறந்தா காசுக்குழாயும் கூடவே திறக்குது. சிக்கலே இதுதான்.

வரி என்ன செய்யுது?

இப்போ அப்டேட்டைப் பாருங்க. வரியில் சந்தைக்குத் திரும்பாத பகுதி, நேராக காசு வடிகால். மீதியை வைத்து கேம் பொருள் வாங்கும்போது அந்தக் காசு அழியறதில்லை. ஒரு விற்பவரிடமிருந்து இன்னொரு விற்பவருக்குக் கை மாறுது, அவ்வளவுதான். அழிவது பொருள் மட்டும். முக்கியமான விஷயம், புதுக்காசு பிறக்காமலே பொருள் அழியுது. ஆல்கமியால் முடியாத வேலை இது.

விவரங்களிலும் யோசனை தெரியுது. வரி ஒரு பொருளுக்கு இவ்வளவுன்னு கணக்கிட்டு கீழ்நோக்கி முழு எண்ணாக்கப்படும். அதனால் வரி 1% ஆக இருந்தவரை 100 காசுக்குக் குறைவான பொருளுக்கு வரி பூஜ்யமா இருந்தது. உளி, சுத்தியல், ஊசி, ரம்பம், மண்வெட்டி மாதிரி புதுசா வர்றவங்க வாங்கும் கருவிகளுக்கும் விலக்கு. மேலே ஒரு உச்சவரம்பு: ஒரு பொருளுக்கு 50 லட்சம் காசு. அப்போதைய 1% கணக்கில் 50 கோடி விலையில் அந்த வரம்பு வந்தது.

பணக்காரர்களுக்கு மட்டும் ஏன் சலுகைன்னு கேட்கலாம். இரண்டு ப்ளேயர்கள் நேரில் பொருள் மாற்றிக்கொண்டால் வரி இல்லை. வரி எல்லை மீறிப் போனால் விலையுயர்ந்த சாமான் எல்லாம் சந்தையை விட்டு நேரடி பேரத்துக்கு ஓடிடும். அங்கே ஏமாத்து வேலையும் அதிகம். நிஜ அரசாங்கங்கள் தங்கத்துக்கு வரி போடும்போது யோசிக்கும் அதே யோசனை.

யார் கட்டுறாங்க?

கணக்குப்படி விற்பவர்தான். நடைமுறை வேற. 10,00,000க்கு வாங்கி 10,08,000க்கு விற்கும் இடைத்தரகரை எடுத்துக்குங்க. முன்பு 8,000 லாபம். 1% வரி வந்தபின் வரி மட்டும் 10,080, ஆக 2,080 நஷ்டம். அவர் ஒன்று குறைச்சு வாங்கணும், இல்லை ஏத்தி விற்கணும், இல்லை அந்தத் தொழிலையே விடணும். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் இடைவெளி விரியும். அதை வாங்குபவரும் விற்பவரும் பங்கு போட்டுக் கட்டுறாங்க.

இதெல்லாம் விளையாட்டுக் காசுதானேன்னு தோணலாம். வெனிசுவேலாவில் பணவீக்கம் கட்டுக்கடங்காம போன காலத்தில், 2017 வாக்கில், இதே கேமில் பச்சை டிராகன்களைக் கொன்று வயிறு வளர்த்தவர்கள் இருந்தாங்க. டிராகனின் தோலையும் எலும்பையும் சந்தையில் விற்று, கிடைத்த காசை டாலருக்கு விற்றாங்க. கேம் விதிப்படி அது குற்றம், கணக்கே பறிபோகலாம். ஆனா அவங்க நாட்டுப் பணத்தைவிட டிராகன் தோல் நம்பகமா இருந்தது. அப்போ இந்த வரி இல்லை. இருந்திருந்தா 1% என்பது அவங்க தினக்கூலியில் கைவைக்கும் விஷயம். மறுபக்கம், தானியங்கி பாட்டுகளை வைத்து மொத்தமா அறுவடை பண்றவங்களும் அதே சந்தையில்தான் விற்கிறாங்க. வரிக்கு இந்த இருவரையும் பிரிச்சுப் பார்க்கத் தெரியாது.

2025இல் இந்த வரியை 2 சதவீதமாக உயர்த்தினார்கள். விளையாடுபவரா இருந்தா ஒரு சின்ன வேலை செஞ்சு பாருங்க. உங்களுக்குப் பிடிச்ச ஒரு ஆயுதத்தின் ஆல்கமி விலையையும் இன்றைய சந்தை விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்க. இரண்டும் நெருங்கி இருந்தா அந்தப் பொருள் தேவைக்கு மேல் குவிஞ்சு கிடக்குதுன்னு அர்த்தம். நல்ல இடைவெளி இருந்தா, அதை இன்னும் மனுஷங்க உபயோகிக்கத்தான் வாங்குறாங்க.