சிறு வியாபாரிகளும் வாடிக்கை தேடுதலும்

சரக்கு உண்டாக்குதல் ஒரு தொழில். அதனை விற்றல் மற்றொரு தொழில். நம்மவரிற் பலர் முன்னதில் வல்லவர். பின்னதைத் தொழிலென்றே மதிப்பதில்லை. நல்ல நாள் பார்த்துக் கடை திறக்கிறார்கள். மாவிலைத் தோரணம் கட்டி, உறவினரையும் சிநேகிதரையும் அழைத்து, முதல் வியாபாரத்தை மங்களகரமாக நடத்துகிறார்கள். அதன் பிறகு கல்லாவின் முன் அமர்ந்து தெருவைப் பார்த்துக் கொண்டிருக்கிறார்கள். சில மாதங்களில் உறவினர் வருகை குறைகிறது. கடை வாடகை குறைவதில்லை. ஓராண்டு கழிந்து கதவிற் பூட்டுத் தொங்கும்போது, காலம் கெட்டுவிட்டது என்றும், ராசியில்லாத இடம் என்றும் பழி காலத்தின் மீதும் இடத்தின் மீதும் விழுகிறது. வாங்குவோரைத் தேடி எத்தனை வாயில்களுக்குச் சென்றோம் என்னும் கேள்வியை எவரும் தம்மைக் கேட்டுக்கொள்வதில்லை.

இது ஒருவருடைய நஷ்டத்தோடு நிற்பதன்று. சிறு கடையின் முதல் பெரும்பாலும் வீட்டு நகையை அடகு வைத்துப் பெற்ற பணம். அல்லது வெளியூரில் பாடுபட்டுச் சேர்த்த பணம். அக்கடை மூடப்பட்டால் குடும்பத்தின் பல வருஷச் சேமிப்பு அழிகிறது. அதில் வேலை செய்த பிள்ளைகள் ஊரை விட்டுப் போகிறார்கள். அத்தெருவில் புழங்க வேண்டிய பணம் வேறெங்கோ போய்ச் சேருகிறது. ஆகவே சிறு வியாபாரி வாடிக்கை தேடக் கற்பது தேசத்தின் பொருளாதாரத்தையே தொடும் விஷயம் என்பதில் ஐயமில்லை.

வாங்குவோரைத் தேடிப் போதல் இழிவு என்று எண்ணுவோர் உண்டு. "நல்ல சரக்கென்றால் ஜனங்கள் தாமே வருவார்கள், வாயில் தோறும் சென்று கேட்பது யாசகம் அல்லவா?" என்பர். இவ்வெண்ணம் நம் முன்னோரிடம் இருந்ததில்லை. உப்பு வண்டிக்காரரும், தயிர்க்காரியும், பாத்திரம் விற்பவரும் வீடு தேடியே வந்தனர். வளையற்காரரை நினைத்துப் பாருங்கள். அவரிடம் அச்சடித்த விளம்பரம் இல்லை. ஆயினும் எந்த வீட்டில் வளைகாப்பு நெருங்குகிறது, எந்த வீட்டுப் பெண்ணுக்குக் கலியாணம் நிச்சயமாகியிருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். தேவை பிறக்கும் வேளையில் அவர் திண்ணையில் வந்து அமர்ந்திருப்பார். யாசகன் தனக்கு வேண்டியதைக் கேட்கிறான். நல்ல வியாபாரியோ எதிரிலிருப்பவருக்கு வேண்டியது யாதென்று கேட்கிறான். இவ்வேற்றுமையை உணர்ந்தவனுக்குக் கூச்சம் தானே நீங்கும்.

தமிழ்நாட்டில் இவ்விஷயத்துக்குப் பெரிய பாடமாக விளங்குவது தூத்துக்குடியிற் பிறந்த சுதேசிக் கப்பல் கம்பெனி. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஆங்கிலேயரின் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கப்பல் விட்டுக் கொழுத்திருந்த காலத்தில், வக்கீலாகிய வ. உ. சிதம்பரம் பிள்ளை முன்னின்று 1906 அக்டோபர் 16ஆந் தேதி சுதேசிக் கம்பெனியைப் பதிவு செய்வித்தார். மூலதனம் 10 லட்ச ரூபாய். அது 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகளாகப் பிரிக்கப்பட்டது. ஸ்ரீ பிள்ளையவர்களின் தேசபக்தியைப் போற்றாதார் இல்லை. ஆனால் அவருடைய வியாபார புத்தியை எத்தனை பேர் கவனித்திருக்கின்றனர்?

முதலாவதாக, அவர் இல்லாத தேவையைக் கற்பனை செய்யவில்லை. அக்கடல் வழியில் நாள்தோறும் சரக்கு போய்க்கொண்டிருந்தது, பிரயாணிகள் போய்க்கொண்டிருந்தனர். வேண்டுவோர் யாவர், அவர்களுடைய குறை யாது என்பதை அறிந்த பின்னரே அவர் கப்பலைத் தேடினார். இரண்டாவதாக, தனவந்தர் சிலரை மட்டும் நம்பியிராமல், நடுத்தர மனிதரும் பங்கு வாங்கும்படி தொகையைச் சிறிதாக வைத்தார். மூன்றாவதாக, அலுவலகத்தில் அமர்ந்து கடிதம் எழுதுவதோடு நிற்கவில்லை. தாமே பம்பாய் வரை சென்று கப்பலுக்கு ஏற்பாடு செய்தார். 1907இல் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் தூத்துக்குடித் துறைமுகத்தை வந்தடைந்தன.

அதன் பின் நிகழ்ந்ததே சிறு வியாபாரிகள் ஊன்றிப் படிக்க வேண்டிய பகுதி. வெள்ளையர் கம்பெனி பிரயாணக் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணாவாகக் குறைத்தது. உடனே வெள்ளையர் கம்பெனி கட்டணமே வேண்டாமென்று சொல்லி, ஏறுவோருக்குக் குடையும் இனாமாகக் கொடுக்க முற்பட்டது! பெரிய முதலாளி பல துறைமுகங்களில் சம்பாதித்த லாபத்தை ஒரு துறைமுகத்தில் இழக்கத் துணிவான். ஒரே துறைமுகத்தை நம்பியவன் அவ்வாறு இழந்தால் எழுந்திருப்பது அரிது. அதற்கு மேல் அரசாங்கத்தின் அடக்குமுறையும் வந்தது. 1908 மார்ச்சில் ஸ்ரீ பிள்ளை கைது செய்யப்பட்டுச் சிறைவாசம் பெற்றார். தலைவரை இழந்த கம்பெனி தளர்ந்து 1911இல் கலைக்கப்பட்டது.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் விளங்குகின்றன. விலைக் குறைப்புப் போரில் சிறியவன் பெரியவனோடு நெடுநாள் நிற்க இயலாது; அவன் வேறு பலத்தைத் தேட வேண்டும். மேலும், ஒரு மனிதரையே தூணாகக் கொண்ட ஸ்தாபனம் அவர் நீங்கினால் ஆடிப்போகும். சிறைவாசம்தான் வரவேண்டுமென்பதில்லை, ஒரு மாதக் காய்ச்சல் போதும். வாடிக்கைக்காரர் பெயரும் அவரவர் தேவையும் முதலாளியின் தலைக்குள்ளேயே இருந்தால், அவர் படுக்கையில் விழுந்த அன்றே கடையும் படுத்துவிடும். அவற்றை நோட்டில் எழுதி வைப்பதும், கடைப் பையனுக்கோ வீட்டாருக்கோ பழக்கி வைப்பதும் இன்றியமையாதன.

கதர் இயக்கமும் நமக்கு ஒரு பள்ளிக்கூடம். 1925இல் அகில பாரத சர்க்கா சங்கம் தோன்றியது. அதன் தமிழ்நாட்டுக் கிளை திருப்பூரில் வேலை செய்தது. 1927இல் காந்தியடிகள் தமிழ்நாட்டில் ஊர் ஊராகச் சுற்றிக் கதருக்காகப் பேசினார். தொண்டர்கள் கதர் மூட்டையைத் தோளிற் சுமந்து தெருத்தெருவாகச் சென்றனர். ஆலைத் துணியோ நயமானது, மலிவானது. கதரோ முரடு, விலையும் கூடுதல். அப்படியிருந்தும் அது விற்றதென்றால், அந்த விலை ஏன், அந்தப் பணம் எந்த ஏழையின் கைக்குப் போகிறது என்பதை விற்றவர் வாங்குவோரின் முகத்துக்கு நேரே எடுத்துச் சொன்னதே காரணம். தங்கள் சரக்குப் பெரிய கடைச் சரக்கினும் ஏன் இரண்டு ரூபாய் அதிகம் என்று கேட்டால் தலை சொறியும் வியாபாரிகள் இதனைக் கவனிப்பார்களாக. எனினும் அபிமானம் ஒருமுறைதான் கதவைத் திறக்கும். வாங்கிய துணி இரண்டாம் சலவையில் கிழிந்தால், எந்தப் பிரசங்கமும் அவ்வீட்டுக் கதவை மறுபடி திறவாது.

சுதந்திரத்துக்குப் பிற்பட்ட காலத்துக்கும் ஓர் உதாரணம் காட்டுவோம். கடலூரில் சின்னி கிருஷ்ணன் என்பவர் ஷாம்புவைச் சிறு உறைகளில் அடைத்து விற்கும் முறையைக் கையாண்டார். பாட்டில் வாங்க வகையற்றவரும் ஒரு தடவைக்கு வேண்டியதை வாங்கலாம் என்பது அவர் கருத்து. அவருடைய குமாரர் சி. கே. ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாய் முதலோடு தனியே தொழில் தொடங்கினார்; அதுவே பின்னர் கெவின்கேர் என்று பெயர் பெற்றது. ஷாம்புவை அறியாத கிராமங்களுக்கு ஆட்கள் சென்று, சிறுவர்களின் தலையிலேயே தேய்த்துக் கழுவிக் காட்டினர். காலி உறைகளைக் கொண்டுவருவோருக்குப் புது உறை இனாமாகக் கிடைத்தது. முதலில் எந்தக் கம்பெனியின் உறையையும் ஏற்றுக்கொண்டனர். பிறகு தங்கள் உறையை மட்டுமே ஏற்றனர். வாங்குவோரின் பை எவ்வளவு சிறியது என்று பார்த்து அதற்கேற்பச் சரக்கை அளந்ததும், வார்த்தையால் சொல்வதைக் கண்ணால் காணச் செய்ததும் அங்கே பலன் தந்தன.

இனி, இவற்றைச் சாதாரண வியாபாரி கைக்கொள்ளுதல் எப்படி? ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு சிறிய ஊரில் ஒருவர் எண்ணெய்ச் செக்கு வைத்திருக்கிறார் என்று கொள்வோம். மாதம் 300 லிட்டர் விற்றால்தான் அவருக்குக் கட்டும். ஒரு குடும்பம் மாதம் 3 லிட்டர் வாங்குமானால் அவருக்கு 100 குடும்பங்கள் வேண்டும். பத்து வீட்டிற் கேட்டால் இரண்டு வீட்டார் இசைவதாக வைத்துக்கொண்டால், அவர் 500 வீடுகளின் வாயிலை மிதித்தாக வேண்டும். நாளொன்றுக்கு 20 வீடு சென்றால் 25 நாளில் அது முடிந்துவிடும். மலைபோல் தோன்றிய காரியம், காலை வேளையில் இரண்டு மணி நேரப் பிரயாசையாகச் சுருங்கிவிட்டது அல்லவா? எண்ணெய்க்குப் பதில் தையல் என்றோ, அச்சுக்கூடம் என்றோ, பலகாரக் கடை என்றோ வைத்துக்கொண்டு அவரவர் இக்கணக்கைப் போட்டுக்கொள்ளலாம்.

அப்படிச் செல்பவர் கையில் ஒரு நோட்டு இருக்க வேண்டும். யாரைக் கண்டோம், என்ன சொன்னார், மறுபடி எப்பொழுது காண வேண்டும் என்ற மூன்றும் அன்றன்றே அதில் ஏறவேண்டும். "வேண்டாம்" என்ற சொல்லைக் கேட்டுப் பலர் சோர்ந்து விடுகின்றனர். அச்சொல்லுக்குப் பொருள் ஒன்றன்று. இன்றைக்கு வேண்டாம் என்பது ஒன்று. இந்த விலைக்கு வேண்டாம் என்பது மற்றொன்று. உம்மிடம் வேண்டாம் என்பது மூன்றாவது. முதலாமவரிடம் இருபது நாள் கழித்துப் போகவேண்டும். இரண்டாமவருக்கு அரை லிட்டர் கொடுத்துப் பழக்கவேண்டும். மூன்றாமவர் ஏன் நம்பவில்லை என்பதை விநயமாகக் கேட்டு, குறை நம்மிடம் இருந்தால் திருத்திக்கொள்ள வேண்டும். இம்மூன்றையும் ஒன்றாகக் கருதி வெறுங்கையோடு திரும்புவோன் வாடிக்கையை மட்டுமன்றி அறிவையும் இழக்கிறான்.

புதியவரைத் தேடும் ஆவலில் பழையவரை மறத்தலும் கூடாது. திருப்தியடைந்த வாடிக்கைக்காரர் ஒருவர், "நம் தெருவில் இன்னும் யாருக்கு இது உதவும்?" என்று கேட்டால் இரண்டு பெயராவது சொல்வார். சிவகாசியில் அச்சாகி வரும் நாட்காட்டியில் தம் பெயரைப் பொறித்து வாடிக்கைக்காரருக்கு வழங்கும் வழக்கம் நம் கடைக்காரரிடம் உண்டு. அது வருஷம் முழுவதும் சுவரில் தொங்கி நினைவூட்டும். ஜவுளிக் கடைகளின் மஞ்சள் பையும் அவ்வாறே ஊரெல்லாம் நடந்தது. ஆனால் நாட்காட்டி கொடுத்த கடையில் எடை குறைந்தால், அதே சுவரில் தொங்கும் பெயர் வசவுக்கு இலக்காகும்.

தேடுதலோடு தெரிந்தெடுத்தலும் வேண்டும். வாங்குகிறவரெல்லாம் வாடிக்கைக்காரர் ஆகார். பணம் கொடுப்பவரே வாடிக்கைக்காரர். கடன் அன்பை முறிக்கும் என்று பலகை எழுதி மாட்டியிருக்கும் கடையிலேயே பற்றுப் புத்தகம் பருத்துக் கிடப்பதைக் காண்கிறோம். பெரிய கம்பெனிகளுக்குச் சரக்கோ சேவையோ அளிக்கும் சிறு தொழிலாளருக்கு 2006ஆம் வருஷத்துச் சட்டம் ஒரு பாதுகாப்பு அளித்திருக்கிறது. முறைப்படி பதிவு செய்துகொண்ட குறு, சிறு தொழில்களுக்கு 45 நாட்களுக்குள் பணம் செலுத்த வேண்டும். தவறினால் ரிஸர்வ் பாங்கின் வங்கி விகிதத்தைப் போல் மும்மடங்கு கூட்டு வட்டி செலுத்த வேண்டும். பெரிய இடத்து ஆர்டர் கிடைத்ததே போதுமென்று மகிழ்வோர், பணம் எப்பொழுது வரும் என்பதையும் முதல் நாளே கேட்டு எழுதிக்கொள்ளல் நலம்.

தூத்துக்குடியில் இனாமாக நீட்டப்பட்ட குடை இன்று வேறு உருவில் வருகிறது. கைப்பேசியைத் தொட்டால் பட்டணங்களில் சில நிமிஷங்களில் சாமான் வீட்டு வாயிலுக்கு வந்து சேருகிறது. தள்ளுபடி வேறு கிடைக்கிறது. அதற்குப் பின்னால் பெருமுதல் இருக்கிறது. மூலைக் கடைக்காரர் அந்தக் குடைக்கு எதிராகத் தாமும் குடை கொடுக்க முயல்வாராயின் முதலை இழப்பார். அவரிடம் இருப்பது வேறு பலம். எந்த வீட்டுப் பாட்டிக்கு எந்த அரிசி ஒத்துக்கொள்ளும் என்று அவர் அறிவார். கெட்டுப்போன சாமானைக் கேள்வியின்றி மாற்றிக் கொடுக்க அவரால் முடியும். மழை நாளில் பையனை அனுப்ப முடியும். கைப்பேசியும் பெரியவர்களின் தனிச் சொத்தன்று. 2016இல் வந்த யு.பி.ஐ. முறையால் தள்ளுவண்டிக்காரரும் பணம் பெறுகிறார். அதே கைப்பேசியில் இன்று வந்த சரக்கை வேண்டுவோருக்கு மட்டும் ஒரு வரி எழுதி அறிவிக்கலாம். வேண்டாதவரை நாள்தோறும் தொந்தரவு செய்வது மட்டும் தகாது.

தனி ஆளாகக் கடை நடத்துபவருக்கு வெளியே செல்ல நேரம் ஏது என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. கடையைத் திறக்குமுன் ஒரு மணி நேரம், வியாபாரம் மந்தமான பிற்பகலில் ஒரு மணி நேரம் என்று ஒதுக்கலாம். அதுவும் இயலாதார் கடைக்கு வருவோர் ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வியேனும் கேட்டு நோட்டில் எழுதலாம். ஒன்றும் செய்யாமல் தெருவைப் பார்த்திருக்கும் நேரம் இவையெல்லாவற்றினும் அதிகம் என்பதை அவரவர் மனச்சாட்சியே சொல்லும்.

வள்ளுவர் வாணிகத்தைப் பற்றிய தம் குறளைப் பொருட்பாலில் வைக்கவில்லை; அறத்துப்பாலில், நடுவு நிலைமை என்னும் அதிகாரத்தில் வைத்தார். வியாபாரத்தின் வேர் எங்கே இருக்கிறதென்பதை இது காட்டுகிறது. தேடிச் செல்லும் காலும், கேட்டறியும் செவியும், நேர்மையான தராசும் உடைய சிறு வியாபாரி எந்தப் பெருமுதலுக்கும் அஞ்ச வேண்டுவதில்லை. நம் ஊர்க் கடைக்காரர்கள் நாளைக் காலையே நோட்டும் பென்சிலுமாகப் புறப்படுவார்களாக. அவர்கள் வந்து கதவைத் தட்டும்போது, முகங்கோணாமல் ஒரு நிமிஷம் நின்று கேட்பது நம் கடன்.